தவம் அண்ணை எழுதிய ஏழாம் விதி

பாரிஸ் புறநகரான செவ்ரானில் இருந்து வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது தவம் அண்ணையின் மனைவி சரோ அக்காவின் அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் அவர் யாரையும் கூப்பிடுகிறவர் அல்ல. "பிள்ளை, மனுசன் எங்களை விட்டிட்டுப் போட்டார்," என்றார். "விடிய எழும்பித் தேத்தண்ணி குடிச்சவர். கதிரையிலை இருந்தபடியே போட்டார்." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். எனக்கும் தவம் அண்ணைக்கும் இடையில் ஒரு விவகாரம் முடியாமல் கிடக்கிறது, அதற்குள் எழுந்து போனால் என்ன அர்த்தம் என்ற எரிச்சல். அன்று பாடசாலைக் கந்தீனில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே அவரோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, குளிரறைக்குள் போய் நின்று அழுதேன்.

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் தவராசா என்ற தவம் அண்ணையைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவரோடு ஒருமுறையாவது சண்டை பிடிக்காதவர்கள் அதைவிடக் குறைவு. ஆகவே இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று விளங்கும். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். அப்படி எழுதினால் அவரே வந்து சிவப்புப் பேனையால் திருத்துவார்.

ஊரில் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படித்துக்கொண்டிருந்தவர். இரண்டாம் வருடத்தோடு நாட்டில் நடந்த சண்டை அவரை வெளியே தள்ளியது. பாரிசில் முப்பது வருடம் உணவகச் சமையலறையில் நின்றார். படிப்பு பாதியில் நின்ற இடத்தில் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து இருந்ததால், அவரும் அங்கேயே நின்றுவிட்டார். சொத்து, உரிமை, சம்மதம், வாக்கு என்று அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் எழுதியதையும் பேசியதையும் நூலகங்களில் தேடி எடுத்து வாசித்தார். ஏன் அண்ணை இந்தப் பைத்தியம் என்று கேட்டால், "எங்களை ஆண்டவங்கள் தங்கடை ராசாவை எப்பிடி அடக்கினவங்கள் எண்டு தெரிய வேண்டாமே?" என்பார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ரூ காய் தெருவில் ஒரு தேநீர்க் கடையின் உள்மேசையில் ஐந்தாறு பேர் கூடுவோம். கடைக்காரர் எங்களைச் சகித்துக்கொண்டார். அண்ணை கையால் எழுதிய தாள்களை ஆளுக்கொன்று தருவார். வாசிக்காமல் வந்தால் முகத்துக்கு நேரே சொல்லுவார்.

ஒரு ஞாயிறு அவர் சொன்னதை மறக்க முடியாது. அரசனைத் தோற்கடித்த பாராளுமன்றப் படையின் தளபதிகளும் சிப்பாய்களின் பிரதிநிதிகளும் லண்டனுக்கு அருகே ஒரு தேவாலயத்தில் கூடி, இனி யாருக்கு வாக்கு என்று நாட்கணக்கில் வாதித்தார்கள். நாங்களும்தான் உயிரைக் கொடுத்துச் சண்டை பிடித்தோம், எங்கள் சம்மதம் இல்லாமல் எங்களை எப்படி ஆள்வீர்கள் என்று சிப்பாய்களின் பக்கம் கேட்டது. நாட்டில் நிலையான சொத்து உள்ளவனுக்குத்தான் நாட்டில் அக்கறை இருக்கும், இல்லாதவனுக்கு வாக்கைக் கொடுத்தால் நாளைக்கு அவன் அடுத்தவனுடைய சொத்தைப் பங்குபோடுவான் என்று தளபதிகளின் பக்கம் சொன்னது. அண்ணை எழுந்து நின்று இரண்டு பக்கத்தையும் நடித்துக் காட்டினார். ஒரு தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது. நான் சிப்பாய்களின் பக்கம் என்றேன். அந்தச் சிப்பாய்களும் பெண்களைப் பற்றி வாய் திறக்கவில்லையே என்றும் சேர்த்துக் கேட்டேன்.

"அதை விடும்," என்றார். "தளபதி சொன்னதிலையும் ஒரு நியாயம் இருக்கு, பிள்ளை."

அந்த நியாயத்தை அவர் ஏற்கெனவே எங்கள் தலையில் கட்டிவிட்டிருந்தார் என்பதுதான் என் பிரச்சினை. பாரிசில் எங்கள் ஊர் ஒன்றியம் தொடங்கியபோது அதன் விதிகளடங்கிய யாப்பை எழுதியவர் அவர். ஏழாம் விதி இப்படிச் சொல்கிறது: ஊரில் தன் பெயரில் காணி உடையவர்களே வாக்களிக்கலாம், பதவி வகிக்கலாம், ஊரைச் சேர்ந்த மற்றவர்கள் கூட்டங்களில் கலந்துகொண்டு பேசலாம். எங்கள் ஊரில் காணி எந்தச் சாதிக்கு உண்டு, எதற்கு இல்லை, ஏன் இல்லை என்பதை இங்கே நான் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த எல்லாருக்கும் அது தெரியும். ஒன்றியத்தில் காணியில்லாத நாங்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஊரில் கிழக்குக் குறிச்சி என்ற பகுதியைச் சேர்ந்தவர்கள். கூட்டத்தில் கடைசியில் போட்டிருக்கும் நீள இருக்கையான வாங்கில் இருப்போம். எங்களுக்குப் பேச்சுரிமை உண்டு, கை உயர்த்தும் உரிமை இல்லை. ஊருக்கு வாசிகசாலை கட்டுவது என்று தீர்மானம் வந்தபோது, அது கிழக்கில் வர வேண்டும், எங்கள் பிள்ளைகளுக்குத்தான் வாசிக்க இடமில்லை என்று நான் அரை மணித்தியாலம் பேசினேன். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு வாக்கெடுத்து மேற்கில் கட்டினார்கள்.

நியாயமாகச் சொன்னால், அந்த விதியை அவர் எங்களை விலக்குவதற்காக எழுதவில்லை. அந்த நாட்களில் எந்தச் சங்கத்தைத் தொடங்கினாலும் யாராவது மண்டபத்தை ஆட்களால் நிரப்பி அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் இருந்தது. "ஊரிலை பிடிப்பு உள்ளவன்தான் ஊரைப் பற்றி யோசிப்பான். அதுக்கொரு அளவுகோல் வேணும். காணி கண்ணுக்குத் தெரியுற அளவுகோல்," என்று விளக்கினார். இது தளபதியின் குரல் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினார். எங்களை அவர் நினைக்கவே இல்லை. வேண்டுமென்று விலக்கியிருந்தால்கூட எனக்குக் கோபம் குறைவாக இருந்திருக்கும்.

பதினொரு வருடம் அந்த விதியோடு மல்லுக்கட்டினேன். அவருடைய தாள்களையே ஆயுதமாக எடுத்தேன். பொதுவாய்க் கிடக்கும் நிலத்தில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது என்று அந்த ஆங்கிலேயர்களில் ஒருவர் வாதிட்டதை அவரே எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார். தவம் அண்ணையின் பரம்பரை முதுசக் காணி, கிணற்றோடு சேர்ந்த இரண்டு பரப்புத் தோட்டம், கிழக்குக் குறிச்சியின் ஓரத்தில் இருக்கிறது. அதைக் குத்தகைக்கு எடுத்து இருபது வருடம் வெங்காயமும் மிளகாயும் வைத்தவர் என் அப்பா. "அப்ப அந்தக் காணி ஆருக்குச் சொந்தம் அண்ணை?" என்று ஒரு ஞாயிறு மேசையில் வைத்தே கேட்டேன். சங்கடப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளைப் புரட்டினார்.

"நல்ல கேள்வி. ஆனா வேலையாள் வெட்டின புல்லும் எசமானுக்குத்தான் சொந்தம் எண்டு அதே மனுசன் அதே இடத்திலை எழுதியிருக்கிறார். அந்தத் தாளை நீர் வாசிக்கேல்லை."

வாசித்திருக்கவில்லைத்தான். அதைச் சொல்லுகிற நேரமா அது? அப்பாவின் முதுகு எனக்கு முன்னால் வந்து நின்றது. நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த ஞாயிறு அந்தத் தாளின் பிரதியை என் பெயர் எழுதி எடுத்துவந்து தந்தார். மன்னிப்புக் கேட்கும் விதம் அவருக்கு அப்படித்தான் தெரியும்.

இவ்வளவு சட்டம் பேசியவருக்கு இந்த நாட்டில் ஒரு வாக்கும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முப்பது வருடமும் கார்ட் து செஜூர் என்ற வதிவிட அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். பிரஜாவுரிமைக்கான படிவத்தை நான் இரண்டு முறை நிரப்பிக் கொடுத்தேன். இரண்டு முறையும் கையெழுத்து வைக்கவில்லை. "ஒரு நாட்டின்ரை தெருவிலை நடந்தாலே அதின்ரை சட்டத்துக்குச் சம்மதம் குடுத்த மாதிரி எண்டு எழுதியிருக்கு. நான் ரூ காயிலை ஒவ்வொரு நாளும் நடக்கிறன். பிறகேன் படிவம்?" என்றார். படிவத்தை அவருடைய மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அதன் பின்பக்கத்தில் அடுத்த வாரத்துக் குறிப்பை எழுதிக் கொண்டுவந்தார்.

வீடும் அப்படித்தான். மெத்ரோவுக்குப் பின்தெருவில் ஐந்தாம் மாடியில் வாடகை வீடு. லிப்ட் பழுதாகி வருடக்கணக்கு. திருத்துவதா இல்லையா என்பதை வீட்டு உரிமையாளர்களின் கூட்டம்தான் தீர்மானிக்கும். அங்கே ஆளுக்கொரு வாக்கும் இல்லை. எவ்வளவு பங்கு சொந்தமோ அவ்வளவு வாக்கு. உரிமையாளர்களில் பாதிப்பேர் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பதே இல்லை. அண்ணை ஒரு முறை அந்தக் கூட்டத்துக்குப் போனார். வாடகைக்காரர் என்பதால் ஓரத்தில் இருந்து கேட்க மட்டும் விட்டார்கள். திருத்துவதை மீண்டும் தள்ளிப்போட்டார்கள். திரும்பி வந்து, "சொத்து அவையின்ரை. முடிவும் அவையின்ரை. ஒழுங்கான நடைமுறை," என்று மூச்சு வாங்கியபடி சொன்னாராம். சரோ அக்கா இதைச் சொல்லும்போது கையில் அரிசிப் பையோடு வாசலில் நின்றார். "அவருக்கு நியாயம் விளங்கும். எனக்கு முதுகு நோகும்," என்றார்.

அவருடைய முழங்கால்கள் கைவிடத் தொடங்கியது போன வருடம். ஒரு நாள் மருந்துக் கடையில் இருந்து அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் மாடியில் நின்றுவிட்டார். கைபிடியைப் பிடித்துக்கொண்டு மேலே இருந்த படிகளை எண்ணினார். பிறகு, "இந்தப் படியை ஏறுற ஒருத்தரும் அந்தக் கூட்டத்திலை கை உயர்த்தேல்லை, பிள்ளை," என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. மனிதர் கடைசியில் இறங்கி வந்துவிட்டார், ஏழாம் விதி போகப் போகிறது என்று நினைத்தேன். அவரை இவ்வளவு காலம் தெரிந்திருந்தும் அப்படி நினைத்தது என் முட்டாள்தனம்.

இரண்டு வாரம் கழித்துத் தேநீர்க் கடை மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். அவருடைய இரண்டு பரப்பை ஒன்பது துண்டாகச் சிவப்புக் கோட்டால் பிரித்திருந்தார். ஆளுக்கு நாலு குழி நிலம். "விதியை மாத்தத் தேவையில்லை. உங்களை விதிக்குள்ளை கொண்டு வருவம்," என்றார். இங்கிலாந்திலும் பெரிய நிலக்காரர்கள் தேர்தலுக்காகக் காணியைத் துண்டாக்கிப் புது வாக்காளரை உண்டாக்கியிருக்கிறார்கள் என்று முன்னுதாரணம் வேறு காட்டினார். "கிணத்தடிப் பக்கம் உமக்கு. உங்கடை அப்பா நிண்ட இடம்."

"எனக்குக் காணி வேண்டாம் அண்ணை. வாக்கு வேணும்."

"காணியை எடுத்தா வாக்கு வரும்."

"காணி இல்லாமல் வர வேணும்."

"அப்ப விதியை மாத்த வேணும்."

"அதைத்தானே பதினொரு வருசமாய்ச் சொல்லுறன்."

வரைபடத்தை மடித்தார். தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார். தன்னுடைய காணி முழுவதையும் கொடுக்கத் தயாராக இருந்த மனிதர், தான் எழுதிய ஒரு வரியைக் கொடுக்கத் தயாராக இல்லை. மூன்று மாதம் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை. ஞாயிற்றுக் கூட்டமும் நின்றுபோனது. கிடைத்ததை வாங்கிக்கொண்டு போகாமல் ஏன் முறுகுகிறாய் என்று மற்ற எட்டுப் பேரில் சிலரே என்னைக் கேட்டார்கள். நானும் கொள்கை பேசி அவரைப் போலவே ஆகிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

பிறகு பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் ஒரு மண்டபத்தில் வருடாந்தப் பொதுக்கூட்டம். ஏழாம் விதியை நீக்கும் திருத்தத்தை நான் முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தேன். அதை முன்மொழிய வாக்குள்ள ஒருவர் வேண்டும். ஊரில் தபாலதிபராக இருந்த ஒருவர் முன்வந்தார். முன்மேசையில் செயலாளரான அண்ணையின் கதிரை வெறுமையாக இருந்தது. கூட்டம் தொடங்கிய பிறகுதான் அண்ணை வந்தார். நேரே பின்னால் நடந்து வந்து எங்கள் வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தவராசா, முன்னுக்கு வாங்கோ," என்றார் தலைவர்.

"எனக்கு இப்ப காணியில்லை. ஏழாம் விதிப்படி நான் இஞ்சைதான் இருக்க வேணும்."

அந்த மூன்று மாதத்துக்குள் ஊரில் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பி, இரண்டு பரப்பையும் கிணற்றையும் இப்போது அதைக் குத்தகைக்குச் செய்யும் பெண்ணின் பெயருக்கு நன்கொடையாக எழுதி உறுதி முடித்திருந்தார். உழைப்பைக் கலந்தவளுக்கே நிலம். சரோ அக்காவுக்கும் அன்றுதான் தெரியும். "அவரின்ரை முதுசம்தான். எண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்று பிறகு என்னிடம் குறைப்பட்டார்.

அதன்பின் அண்ணை பேச்சுரிமையைப் பயன்படுத்தினார். முக்கால் மணித்தியாலம். தான் தளபதிகளின் பக்கம் நின்றதாகவும் அது பிழை என்றும் சொன்னார். அவர் வாயில் இருந்து "பிழை" என்ற சொல் தன்னைப் பற்றி வந்ததை அன்றுதான் கேட்டேன். "தன்ரை உயிரும் உடம்பும் ஒருத்தனுக்கு முதல் சொத்து எண்டுதான் அந்த ஆக்களே தொடங்கினவை. அந்தச் சொத்து இந்த வாங்கிலை இருக்கிற எல்லாரிட்டையும் இருக்கு. நான் அதை விட்டிட்டுக் காணியை அளந்தன்," என்றார். முன்வரிசையில் இரண்டொருவர் கண்ணைத் துடைத்தார்கள். வாக்கெடுப்பு நடந்தது.

பதினான்குக்குப் பதினான்கு.

வாக்குகள் சமனானால் பழைய விதியே நிற்கும் என்று யாப்பில் இன்னொரு விதி இருக்கிறது. அதையும் எழுதியவர் யாரென்று கேட்க வேண்டாம்.

மண்டபத்துக்கு வெளியே, கார்கள் நின்ற இடத்தில் அவரைப் பிடித்தேன். எனக்கு மூத்தவர், நோயாளி என்றெல்லாம் பார்க்கவில்லை. "உங்களுக்கு விசரா அண்ணை? கூட்டம் முடியக் காணியை எழுதியிருக்கலாமே. உங்கடை ஒரு வாக்கு இருந்திருந்தா இண்டைக்கு முடிஞ்சிருக்கும். ஒரே ஒரு மாதம். ஒரு மாதம் பொறுத்திருக்கலாமே." பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபிக்கவில்லை. காரில் சாய்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார்.

"யோசிச்சனான்," என்றார். "அப்பிடிச் செய்திருந்தா, காணிக்காரன் ஒருத்தன் உங்களுக்கு இரங்கித் தந்ததாய் இருக்கும். உரிமையை ஆரும் தானமாய்த் தரேலாது, பிள்ளை. தந்தா அது உரிமை இல்லை."

"மற்றப் பதினாலு பேரும் காணிக்காரர்தானே?"

"ஓம்," என்றார். கொஞ்சம் யோசித்தார். "அதை நான் யோசிக்கேல்லை."

பதினான்கு காணிக்காரர் கை உயர்த்தலாம், பதினைந்தாவதாகத் தான் மட்டும் உயர்த்தக் கூடாது. முப்பது வருட வாசிப்பில் வந்து நின்ற இடம் இது. நான் அன்று அவரோடு ரயிலில் போகவில்லை, அடுத்த ரயிலுக்கு நின்றேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மறுபடி தொடங்கின. இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் ஒருவரையாவது திருப்பிவிடலாம் என்று அவர் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார் என்று சரோ அக்கா சொல்கிறார். ஒருவரையும் அவரால் திருப்ப முடியவில்லை. அவர் கதைத்தால் எவரும் எதிர்ப்பக்கம்தான் போவார்கள்.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் அவரைப் பார்த்தபோது வேட்டியும் சால்வையுமாகக் கிடந்தார். பதினொரு வருடத்தில் அவர் முன்னால் நான் வாயைத் திறந்ததும் அவர் குறுக்கிடாத முதல் நாள். வாசலில் ஒன்றியத் தலைவர் நின்றார். ஏழாம் விதிக்கு ஆதரவாகக் கை உயர்த்தியவர். அடுத்த மாதம் பொதுக்கூட்டத்தோடு சேர்த்து நினைவுக் கூட்டமும் வைக்கிறோம், நீங்கள்தான் பேச வேண்டும் என்றார். "உங்களுக்குப் பேச்சுரிமை இருக்குத்தானே," என்று பணிவாகவே சொன்னார். அவருக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

பேசுவேன். அவருடைய தாள்கள் ஒரு பெட்டி நிறைய என் வீட்டில் இருக்கின்றன, சரோ அக்கா தந்தவை. அவற்றை வைத்திருப்பேன். ஆனால் அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, காரில் சாய்ந்து நின்று அவர் சொன்ன அந்த வாக்கியம். உரிமையை யாரும் தானமாகத் தர முடியாது. அதை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கிறது. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு ஆத்திரமாகவும் இருக்கிறது. அதைத்தான் அன்று சொல்லப் போகிறேன். திருத்தத்தை மறுபடி கொடுத்துவிட்டேன். பேசி முடித்ததும் எங்கள் வாங்கில் போய் உட்கார்ந்து, முன்னால் எழும் கைகளை ஒவ்வொன்றாக எண்ணுவேன். பதினான்கில் நின்றுவிட்டால் அந்தக் கோபத்தை நான் யாரிடம் போய்க் காட்டுவது, அண்ணை?